வெள்ளை டோடோவின் கதை

ரியூனியன் தீவில் எந்தக் கடையில் போய் “ஒரு டோடோ” என்று கேட்டாலும் குளிர்ந்த பியர் பாட்டிலை எடுத்து வைப்பார்கள். பூர்போன் என்பது அந்த பியரின் முறையான பெயர். லேபிளில் டோடோ படம் இருப்பதால் பறவையின் பெயரே பியருக்கும் நிலைத்துவிட்டது. கடைப் பலகைகளிலும் சுவர் விளம்பரங்களிலும் அந்தப் பறவைதான் நிற்கிறது. ஆனால் ரியூனியனில் டோடோ எக்காலத்திலும் வாழ்ந்ததில்லை. அது பக்கத்துத் தீவான மொரீஷியஸின் பறவை. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் கடல். பறக்கத் தெரியாத டோடோ அதைத் தாண்டி வந்திருக்க வழியில்லை.

பியர் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. நூறாண்டுக்கும் மேலாக உலகின் பெரிய பறவையியலாளர்களே ரியூனியனில் ஒரு டோடோ இருந்ததென்று நம்பிவந்தார்கள். அதுவும் வெள்ளை நிற டோடோ. அதற்கு லத்தீன் பெயர் சூட்டினார்கள், வண்ணப்படம் வரைந்தார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன வேறுபாடு என்றுகூட விவாதித்தார்கள். அவர்கள் கையில் ஓர் எலும்புகூட இல்லை.

ரியூனியன், மொரீஷியஸ், ரோட்ரிக்ஸ் மூன்றும் சேர்ந்து மஸ்கரீன் தீவுகள். மடகாஸ்கருக்குக் கிழக்கே கடலடி எரிமலைகள் எழுப்பிய நிலம் இது. எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. 17ஆம் நூற்றாண்டு வரை அங்கே மனிதர் குடியிருந்ததில்லை. ஆகவே அங்கிருந்த உயிர்களைப் பற்றிய முதல் செய்திகள் எல்லாம் தண்ணீருக்கும் இறைச்சிக்கும் கரையொதுங்கிய மாலுமிகளிடமிருந்து வந்தவை. 1613இல் ‘பேர்ல்’ என்ற ஆங்கிலக் கப்பல் ரியூனியனில் நின்றது. அதன் அதிகாரி ஜான் டாட்டன், வான்கோழி அளவில், கொழுத்த, வெள்ளையான, மனிதரைக் கண்டு ஒதுங்காத ஒரு பறவையைக் குறித்து வைத்தார். சிறகு குட்டை, பறக்க முடியாது என்றும் எழுதினார். அலகு எப்படி இருந்தது? கால்? எதைத் தின்றது? ஒரு சொல் இல்லை. சமைத்துத் தின்ன வந்தவருக்கு அதெல்லாம் எதற்கு.

1619இல் வந்த டச்சுக் கப்பல் தலைவர் வில்லெம் பொன்டெகூவின் குறிப்புதான் குழப்பத்தைக் கெட்டிப்படுத்தியது. மொரீஷியஸின் டோடோவுக்கு டச்சு மாலுமிகள் என்ன பெயர் வைத்திருந்தார்களோ அதே பெயரில் ரியூனியனிலும் ஒரு பறவையைச் சொன்னார். நடக்கும்போது வயிறு தரையில் உரசும் அளவுக்குக் கொழுப்பு என்றார். அதே ஆண்டில் அவருடைய கப்பல் தீப்பிடித்து வெடித்துச் சிதறியது. அவர் உயிர் தப்பியதே பெரிது. புத்தகம் அச்சானது 1646இல், பயணம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து. அது அந்தக் காலத்தின் பரபரப்பான வாசிப்பு, பலமுறை மறுபதிப்பு கண்டது. மொரீஷியஸின் டோடோவைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நினைவிலிருந்து எழுதுகிறவர் கையில் ஒரு தீவின் பறவை இன்னொரு தீவுக்குத் தாவுவது எளிது.

இதற்கு இன்னொரு முனையில், ஐரோப்பாவின் நடுவே, ஒரு ஓவியர் உட்கார்ந்திருந்தார். பிராக் நகரில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரண்மனையில் அரிய பொருள்களின் பெருந்தொகுப்பு ஒன்று இருந்தது. அதில் பாடம் செய்த டோடோ ஒன்றும் உண்டு. சேகரிப்பின் பட்டியல் அதன் நிறத்தை அழுக்கு வெள்ளை என்கிறது. அங்கே வேலைபார்த்த ரூலண்ட் சாவெரி 1611 வாக்கில் வரைந்த ஓர் ஓவியத்தில், இசைவாணன் ஆர்ஃபியூசைச் சுற்றி நிற்கும் விலங்குக் கூட்டத்தில், வெளிறிய டோடோ ஒன்று இடம்பெற்றது. அது இளம்பறவையாக இருந்திருக்கலாம், வெளிறிய பிறவியாக இருந்திருக்கலாம், பாடம் செய்தபின் நிறம் மங்கியிருக்கலாம். எப்படியும் அது மொரீஷியஸின் டோடோதான். பின்னாளில் பீட்டர் ஹோல்ஸ்டெய்ன், பீட்டர் வித்தூஸ் என்ற டச்சு ஓவியர்கள் வெள்ளை டோடோக்களைத் தீட்டினார்கள். அவர்களும் ரியூனியன் பக்கம் போனவர்கள் அல்ல. ஓவியத்தைப் பார்த்து ஓவியம் வரைவது அன்றைய வழக்கம்.

அந்தப் படங்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இயற்கையியலாளர்கள் கண்ணில் பட்டபோது, அவர்கள் கையில் ஏற்கெனவே டாட்டனும் பொன்டெகூவும் இருந்தார்கள். ஒருவர் வெள்ளை என்கிறார், இன்னொருவர் டோடோ என்கிறார், இதோ வெள்ளை டோடோவின் படம். மூன்றையும் சேர்த்தால் கணக்கு முடிந்துவிட்டது. ஸ்ட்ரிக்லண்டும் மெல்வில்லும் 1848இல் டோடோ பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில் ரியூனியன் பறவையை டோடோ குடும்பத்தில் சேர்த்தார்கள். 1907இல் வால்டர் ராத்ஸ்சைல்ட் அழிந்த பறவைகள் பற்றிய பெருநூலை வெளியிட்டபோது, ஃப்ரோஹாக் என்ற ஓவியரைக் கொண்டு வெள்ளை டோடோவுக்கு அழகான வண்ணத்தகடு போட்டார். 1937இல் ஜப்பானியப் பிரபு மசவுஜி ஹச்சிசூகா இன்னொரு படி மேலே போனார். குறிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, ஆகவே ரியூனியனில் இருந்தது ஒரு பறவையல்ல, இரண்டு என்றார்: ஓவியத்தில் உள்ள வெள்ளை டோடோ ஒன்று, பயணிகள் சொன்ன ‘தனிமைப் பறவை’ இன்னொன்று. இல்லாத டோடோவுக்குத் துணையும் கிடைத்துவிட்டது.

குறிப்புகள் முரண்படுகின்றன என்பதை ஹச்சிசூகா சரியாகத்தான் கண்டார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தலைகீழ். முரணுக்குக் காரணமான குறிப்பு 1674இல் வெளியானது. டூபுவா என்ற பிரெஞ்சுக்காரர் 1670களின் தொடக்கத்தில் ரியூனியனில் தங்கிப் பறவைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டவர். எப்போதும் தனியாகவே திரிவதால் அங்கிருந்தோர் ‘தனிமைப் பறவை’ என்று அழைத்த ஒன்றை அவர் விவரிக்கிறார். பெரிய வாத்தின் அளவு. உடல் வெள்ளை, சிறகு நுனியும் வால் நுனியும் கருப்பு. பின்புறம் நெருப்புக்கோழியினுடையதைப் போன்ற தொங்கும் இறகுகள். கழுத்து நீளம். அலகு உள்ளான் அலகு போல நீண்டது, ஆனால் அதைவிடப் பெரியது. பறக்கும், ஆனால் மிகக் கொஞ்சம், ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம். டோடோவின் அலகோ தடித்து, நுனியில் கொக்கிபோல் வளைந்தது. உள்ளானின் அலகோடு யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. 1704இல் எழுதிய ஃபுயே என்பவர் மேலும் ஒரு விவரம் தந்தார்: மண்ணிலும் மண்ணுக்குள்ளும் கிடக்கும் புழுக்கள்தான் அதன் உணவு.

வேடந்தாங்கலிலோ கூந்தன்குளத்திலோ பறவை பார்த்துப் பழகியவர்களுக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும். சேற்றில் அலகை முக்கால்வாசி இறக்கி, தையல் ஊசி போல மேலும் கீழும் குத்திக்கொண்டே நடக்கும் வெள்ளை அரிவாள் மூக்கனை நினைத்துப் பாருங்கள். வெள்ளை உடல், முடியில்லாத கறுத்த தலையும் கழுத்தும், நீண்டு வளைந்த அலகு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் முதுகின் பின்பகுதியில் சாம்பல் நிற அலங்கார இறகுகள் வளர்ந்து வால்மேல் சரியும். அதன் ஆப்பிரிக்க உறவினமான, பழைய எகிப்தியர்கள் பாடம் செய்து புதைத்த அரிவாள் மூக்கனுக்குச் சிறகு நுனி கருப்பு. அதே இடத்தில் கருத்த சரிகை இறகுகள். டூபுவா பார்த்ததை வரிக்கு வரி இதோடு ஒப்பிடலாம்.

1970களில் ரியூனியனின் குகைகளில் தோண்டத் தொடங்கினார்கள். டோடோவின் எலும்பு ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டது அரிவாள் மூக்கனின் எலும்பு. 1987இல் செசில் மூரெ-ஷோவிரே, ஃபிரான்சுவா மூத்தூ இருவரும் அதைப் புதிய இனமாக விவரித்தார்கள். அப்போதும் அது ‘தனிமைப் பறவை’யோடு இணைக்கப்படவில்லை, நிஜப் பறவை ஒரு பெட்டியில், கற்பனைப் பறவை இன்னொரு பெட்டியில். மஸ்கரீன் தீவுகளின் வரலாற்றை அலசிவந்த அந்தோணி சீக் பொருத்தத்தைச் சுட்டிக்காட்டினார். 1995இல் மூரெ-ஷோவிரே, ரோஜே பூர், சோனியா ரிப் மூவரும் பழைய குறிப்புகளையும் எலும்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டினார்கள். இன்று அந்தப் பறவை நம் வெள்ளை அரிவாள் மூக்கன் இருக்கும் அதே பேரினத்தில் இருக்கிறது. அலகு மற்ற அரிவாள் மூக்கன்களைவிடக் குட்டை, வளைவு குறைவு. உடல் கனம் கூடியது. சிறகெலும்பு பறக்கப் போதுமானது, தாராளமாகப் பறக்கப் போதாது. 2004இல் ஜூலியன் ஹ்யூமும் சீக்கும் ஓவியங்களின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துப்போய் பிராக் அரண்மனைக்கு வந்து சேர்ந்தபோது வெள்ளை டோடோவின் கடைசிக் காலும் முறிந்தது.

உயிரோடிருந்த காலத்தில் ரியூனியன் அரிவாள் மூக்கனை வரைந்தவர் எவரும் இல்லை. 1667இல் அங்கே வந்த பாதிரியார் கரே, இரண்டு பறவைகளைப் பிரெஞ்சு அரசருக்கு அனுப்பக் கப்பலில் ஏற்றியதாகவும், அவை இரை எடுக்காமல், தண்ணீர் குடிக்காமல் செத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். அந்த இரண்டில் ஒன்று பாரீஸ் வரை உயிர்பிழைத்திருந்தால் அரசவை ஓவியர் எவராவது வரைந்திருப்பார். ராத்ஸ்சைல்டின் நூலில் ஒரு பக்கம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் பழைய பயணிகள் எல்லோரையும் கதைவிடுகிறவர்கள் என்று தள்ளவும் முடியாது. ரோட்ரிக்ஸ் தீவின் கதை நேர்எதிரானது. பிரான்சில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி ஓடிய ஃபிரான்சுவா லெகா 1691இல் அங்கே இறங்கி, சில தோழர்களோடு இரண்டு ஆண்டு வாழ்ந்தார். அங்கும் ‘தனிமைப் பறவை’ என்றே பெயர் பெற்ற, பறக்காத ஒரு பெரிய பறவையை அன்றாடம் கவனித்து எழுதினார்; ஒரே முட்டையிடும் என்றார், ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும் என்றார். சிறகின் மணிக்கட்டுப் பகுதியில், இறகுக்கு அடியில், துப்பாக்கிக் குண்டு அளவுக்கு ஒரு முண்டு இருக்கும், அதைக் கொண்டு சண்டை போடும் என்றும் எழுதினார். இப்படி ஒரு முண்டு பறவைகளில் அரிது. லெகா அந்தத் தீவுக்கே போகவில்லை, புத்தகம் முழுக்கப் புனைவு என்று வாதிட்டவர்கள் 20ஆம் நூற்றாண்டிலும் இருந்தார்கள். ஆனால் 1860களிலேயே ரோட்ரிக்ஸ் குகைகளிலிருந்து எலும்புகள் வெளிவந்துவிட்டன. சிறகெலும்பின் நுனியில், லெகா சொன்ன அதே இடத்தில், காலிஃப்ளவர் போலப் புடைத்த எலும்பு முண்டு இருந்தது. பறவையை நேரில் பார்க்காத எவரும் கற்பனையில் அதைச் சரியாக அந்த இடத்தில் வைத்திருக்க முடியாது.

அதே லெகா மொரீஷியஸில் கண்டதாக ஆறடி உயரப் பறவை ஒன்றையும் சொன்னார். நீண்ட கால், நீண்ட கழுத்து, வாத்தைவிடப் பெரிதில்லாத உடல், வெள்ளை நிறம், சிறகடியில் சற்றே சிவப்பு, சதுப்பில் மேய்ச்சல். 1858இல் ஷ்லேகல் என்ற ஜெர்மானியர் இதைப் பிரம்மாண்டமான தாழைக்கோழி ஒன்றாகக் கட்டியெழுப்பினார். ராத்ஸ்சைல்ட் இதற்கும் இடம் கொடுத்தார். விவரிப்பை நிதானமாகப் படித்தால் பூநாரையைத் தவிர வேறெதுவும் கண்ணில் வராது. லெகா சரியாகத்தான் பார்த்திருக்கிறார், தவறு படித்தவர்களுடையது.

கொசுறாக ஒன்று. 1761இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண வானியலாளர் பிங்ரே ரோட்ரிக்ஸ் தீவுக்குப் போனார். அந்தப் பயணத்தின் நினைவாக 1776இல் லெ மோனியே என்பவர் தனிமைப் பறவையின் பெயரில் ஒரு விண்மீன் கூட்டத்தை வானத்தில் ஏற்றிவைத்தார். வரைபடத்தில் போட்ட பறவை மட்டும் ரோட்ரிக்ஸ் பறவை அல்ல, பூங்குருவி வகை ஒன்று. இன்றைய 88 விண்மீன் கூட்டங்களின் பட்டியலில் அது இல்லை.

இப்போது அழிவுக்கு வருவோம். வெள்ளை டோடோ செய்த தீங்கு வெறும் பெயர்ப்பட்டியல் குழப்பத்தோடு முடிந்துவிடவில்லை. தீவுப் பறவை என்றாலே கொழுத்தது, மந்தமானது, முட்டாள், ஆகவே அழிந்தது என்ற எண்ணத்துக்கு அது இன்னொரு சான்றாக நின்றுகொண்டிருந்தது. டோடோவின் கொழுப்பே சந்தேகத்துக்குரியது. ஐரோப்பிய ஓவியங்களில் நாம் காணும் உருண்டை உடல், கூண்டில் தீனி போட்டு வளர்த்த பறவையையோ, அளவுக்கு மீறி வைக்கோல் திணித்த உடலையோ பார்த்து வரைந்ததாக இருக்கலாம். சூரத்தில் முகலாயர் காலத்தில் உயிருள்ள டோடோக்கள் இருந்தன; ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி பார்த்திருக்கிறார். ஜஹாங்கீரின் அவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பழுப்பு நிறம், அவ்வளவு ஊதிப்போனதும் இல்லை. டோடோ படங்களில் நம்பத்தகுந்தவற்றில் ஒன்றாக அறிஞர்கள் எடுத்துக்கொள்வது இதைத்தான்.

பறக்காமை முட்டாள்தனம் அல்ல, சிக்கனம். பறக்கும் தசைகள் உடலிலேயே அதிகம் செலவு வைப்பவை. வேட்டையாடும் பாலூட்டி இல்லாத தீவில் அந்தச் செலவைக் குறைத்துக்கொள்ளும் பறவை, மிச்சத்தைக் குஞ்சு வளர்ப்பில் போடுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சிறகு குறுகுகிறது, கால் வலுக்கிறது. நம் குளக்கரைக் கானாங்கோழி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அந்தக் குடும்பம் இதில் கெட்டிக்காரக் குடும்பம். கடலில் எங்கே தீவு தெரிந்தாலும் போய் இறங்கி, சில காலத்திலேயே பறப்பதைக் கைவிட்டுவிடும். பசிபிக் தீவுகளில் எலும்பு சேகரித்த டேவிட் ஸ்டெட்மன், மனிதர் அங்கே பரவியதால் அழிந்த பறவை இனங்கள் 2,000 வரை இருக்கலாம், அதில் பெரும்பகுதி இந்தக் குடும்பம் என்று 1995இல் கணித்தார். 1500க்குப் பிறகு அழிந்த பறவைகளில் பத்துக்கு ஒன்பது தீவுகளைச் சேர்ந்தவை.

டோடோவைத் தின்றே தீர்த்தார்கள் என்பதும் பாதிக் கதை. 1598இல் டச்சுக்காரர்கள் மொரீஷியஸில் இறங்கினார்கள். பரவலாக ஏற்கப்படும் கடைசிப் பார்வை 1662. இடையே தீவில் டச்சுக்காரர் தொகை பெரிதாக இருந்ததே இல்லை. கப்பல்களோடு வந்தவைதான் பெரும்படை: எலி, பன்றி, குரங்கு. தரையில் ஒரே முட்டை இடும் பறவைக்குப் பன்றி ஒன்று போதும். தாய்ப்பறவை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கலாம், குஞ்சு ஒன்றும் தேறாது. கண்ணுக்குப் பறவைகள் தெரிந்துகொண்டே இருக்கும், இனம் முடிந்துபோயிருக்கும்.

ரியூனியனின் அரிவாள் மூக்கனோ பறக்கும். அசைவற்றது அல்ல. 1665இல் பிரெஞ்சுக்காரர்கள் நிரந்தரமாகக் குடியேறினார்கள். எலிகள் 1670களில் கரையேறின. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பூனைகளும் காட்டில் திரிந்தன. 1704இல் ஃபுயே எழுதும்போது அந்தப் பறவை மலை உச்சிகளில்தான் மிஞ்சியிருந்தது. ஆபத்திலிருந்து விலகிப்போகும் அறிவும் சிறகும் அதற்கு இருந்திருக்கின்றன. ஆனால் மலைக்கும் எலி ஏறும், பூனை ஏறும். தோட்ட அடிமை வாழ்விலிருந்து தப்பி ஓடியவர்களும் பசியோடு ஏறினார்கள். அடுத்த சில ஆண்டுகளோடு நம்பகமான குறிப்புகள் நின்றுபோகின்றன. குடியேற்றம் தொடங்கி அரை நூற்றாண்டு. அடிமை முறை 1848இல் ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன நம் தமிழர்கள், இன்றும் அங்கே காவடி எடுப்பவர்களின் முன்னோர், கண்ட தீவில் அது இல்லை. ராட்சத ஆமைகளும் ஏறக்குறைய தீர்ந்திருந்தன. தீவின் பழைய நிலப்பறவைகளில் பாதிக்கும் மேல் போய்விட்டன.

பறக்கத் தெரிந்ததே போனபிறகு, ‘பறக்காததால் அழிந்தது’ என்ற விளக்கம் நிற்காது. பறப்பதும் பறக்காததும் வேகத்தைத்தான் மாற்றுகின்றன. தரையிலும் தாழ்ந்த கிளையிலும் முட்டை வைத்துவிட்டுப் போகலாம் என்ற பழக்கம் பல்லாயிரம் தலைமுறைகளாகச் சரியாக இருந்தது. அதை மாற்றிக்கொள்ள அவற்றுக்குக் கிடைத்தது சில பத்தாண்டு.

ரியூனியனின் வடக்கே ரோஷ் எக்ரித் என்ற மலைக்காட்டில் மட்டும் வாழும் சிறிய சாம்பல் பறவை ஒன்று இருக்கிறது. அதன் குரலை வைத்துத் தீவுக்காரர்கள் ‘துயித்-துயித்’ என்கிறார்கள். நன்றாகப் பறக்கும், மரத்தில் கூடு கட்டும். அப்படியிருந்தும் சில பத்து இணைகள் என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது. கூட்டைக் கண்காணித்தபோது முட்டையையும் குஞ்சையும் எலி எடுத்துப்போவது தெரியவந்தது. அதன்பின் தீவின் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தினர் இனப்பெருக்கப் பகுதியில் வரிசை வரிசையாகப் பெட்டி வைத்து, உள்ளே எலி மருந்து போட்டுவருகிறார்கள். மருந்து வைத்த பகுதிகளில் குஞ்சுகள் தேறுகின்றன, இணைகள் கூடியிருக்கின்றன. காடு செங்குத்து, மழை அதிகம், பெட்டிகளைச் சுமந்தே போகவேண்டும். காட்டைச் சுற்றி வேலி கிடையாது. சுத்தம் செய்த இடத்துக்குள் பக்கத்துப் பள்ளத்தாக்கின் எலிகள் மறுபடி வந்துவிடும் என்பதால் இந்த வேலையை ஒவ்வொரு ஆண்டும் முதலிலிருந்து செய்யவேண்டியிருக்கிறது.